சூட்டில் அணைத்த வண்டி

அணைத்துவிட்டேன். கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பிவிட்டது. ரயில்வே கேட் மூடியிருந்தது, முன்னால் ஒரு மினி பஸ், பிரேக்கில் கால் வைத்தேன், சாவியைத் திருப்பினேன், எஞ்சின் ஒரு தரம் உடம்பை உலுக்கிவிட்டு அடங்கியது, அப்புறம்தான் என்ன காரியம் செய்தேன் என்று உறைத்தது. மகன் யுவராஜின் வண்டியில் அப்படித்தான். கேட்டில் நின்றால் அணைத்துவிட வேண்டும், பெட்ரோல் மிச்சம் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டான். இது அவன் வண்டியா? இது துரைசாணி. இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தவள், என்னைவிட நாலு வயது மூத்தவள். ஓடிவந்த சூட்டில் இவளை அணைக்கக் கூடாது. அணைத்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும், இருபது நிமிடம், சில நாள் அரை மணி, ஆறினால்தான் மறுபடி எழுந்திருப்பாள். முப்பத்தொன்பது வருடத்தில் எங்களுக்கு மூன்று வண்டி, மூன்றும் இந்த வகையறாதான், ஒரு நாளும் நான் இந்தத் தப்பைச் செய்ததில்லை. இன்றைக்குப் போய்ச் செய்திருக்கிறேன், பைபாஸ் ஆபரேஷன் முடிந்து பதினோரு நாள் கழித்து இவரை வீட்டுக்குக் கூட்டிப் போகிற இன்றைக்கு. பக்கத்து சீட்டில் இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டினால் என்ன, ஏண்டி உனக்கு அறிவிருக்கிறதா என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? திருப்பி ஒன்று சொல்லியிருப்பேன், பேச்சாவது நடந்திருக்கும். மறுபடி கண்ணாடி வழியே ரயில் பாதையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மணி ஒன்று நாற்பது. வெயில் பானட்டின் மேல் நின்று வேகிறது. பின்னால் தேங்காய் லோடு லாரி ஒன்று வந்து வாலை ஒட்டி நிற்கிறது, அதற்குப் பின்னால் இன்னும் என்னென்னவோ. பைக்கில் வந்தவர்கள் சந்து பார்த்து முன்னே போய்க் கேட்டை முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கேட் திறந்ததும் இவள் கிளம்பாவிட்டால் அத்தனை பேரும் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும், அது எனக்குப் புதிதா? ஆனால் அந்தச் சத்தம் இவர் நெஞ்சுக்கு ஆகுமா? ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னத் தலையணையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். இருமினால் தையல் இழுக்கும், அப்போது அதை அமுக்கிக்கொள்ள வேண்டும். பதினோரு நாளில் இவர் பேசியதை ஒரு கையில் எண்ணிவிடலாம். தண்ணி. சரி. வேண்டாம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மனதில் எதையாவது போட்டு வைத்துக்கொண்டிருக்கிறாரா, பேச வையுங்கள் அம்மா என்றார். நான் என்ன மந்திரம் வைத்திருக்கிறேன்? முழு வாக்கியமாக இவர் சொன்னது ஒன்றே ஒன்று, நேற்று. “நம்ம வண்டியிலயே போலாம்.” அதற்காகத்தான் காலையில் தனியாக இவளை ஓட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனேன். சொல்ல வாய் வராமல்தான் போனேன். நம்ம வண்டி நாலு மணி வரைக்கும்தானுங்க நம்ம வண்டி. நாலு மணிக்குத் திருப்பூரிலிருந்து பழைய கார் சேர்க்கிற ஒருவர் லாரியோடு வீட்டுக்கு வருகிறார். யுவராஜ் பேசி முடித்துவிட்டான். ஆர்.சி. என் பெயரில் இருப்பதால் கையெழுத்து என்னுடையது. போட்டும் விட்டேன், பேப்பர் இதோ இந்தக் கைப்பையில்தான் இருக்கிறது. இவருக்குத் தெரியாது. வீட்டு வாசலில் லாரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாரா? வழியில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பும்போதே நினைத்தேன், முக்கால்வாசி தூரம் வந்தாயிற்று.

ரயிலைக் காணோம். ரேடியேட்டர் பக்கம் கொதிக்கிற சத்தம் லேசாகக் கேட்கிறது, வயிறு உப்பியவர்களுக்குக் கேட்குமே அந்தச் சத்தம். இந்தச் சத்தம் எனக்கு முதல் வண்டியிலிருந்தே பழக்கம். அந்த வண்டிக்கு நரைச்சான் என்று பெயர் வைத்தவள் நான்தான். வால்பாறை எஸ்டேட்டில் யாரோ ஒரு துரை விட்டுப்போய், கை மாறிக் கை மாறி, டீ பேக்டரியில் மேஸ்திரிக்கு மேலே, ஆபீசருக்குக் கீழே இருந்த இவரிடம் வந்து சேர்ந்திருந்தது. கல்யாணமாகி ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் இவர் பேசியது இந்தப் பதினோரு நாளைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஊமையனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். மலை ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசியில் நரைச்சான் பொங்கியது. ஆவி அடங்கட்டும் என்று இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். பையில் சமையலுக்கு வாங்கிய மஞ்சள் தூள் இருந்தது, அதைக் கேட்டு வாங்கி ரேடியேட்டருக்குள் கொட்டினார், ஒழுக்கை அடைக்குமாம். சாம்பார் வைக்கிறீங்களா என்று கேட்டேன். சிரித்தார். அப்புறம் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். அப்பா போன பிறகு பெரியப்பா வீட்டில் வளர்ந்தாராம், இரண்டாவது தரம் சோறு கேட்க வாய் வராதாம், இப்போதும் வராதாம், பசித்தாலும் எழுந்துவிடுவாராம். “நீ கேக்காமயே போட்டயே அன்னைக்கு. அது எனக்கு...” என்று அங்கேயே நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து இன்று வரை நான் இவரைச் சோறு வேண்டுமா என்று கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில்கூட நர்ஸ் இன்னும் வேணுமா தாத்தா என்றதும் வேண்டாம் என்றார், அவள் போனதும் நான் இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினேன், குடித்தார்.

தண்டவாளம் வெயிலில் பளபளக்கிறது, கேட் கீப்பர் பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போன் பேசுகிறார். சாவியைத் திருப்பிப் பார்க்கலாமா? வேண்டாம். சார்ஜ் ஏற்றிப் போட்ட பழைய பேட்டரி மறுபடி போய்விட்டால் அப்புறம் முன்னால் ஹேண்டில் விட்டுச் சுற்றித்தான் எழுப்ப வேண்டும், ஹேண்டில் டிக்கியில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். தோட்டத்துக் கிணற்றில், நாற்பதடி தண்ணீருக்குக் கீழே. நான்தான் போட்டேன். இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று காலை பத்தரை மணி. வாசலில் இவர் குனிந்து ஹேண்டில் சுற்றுகிற சத்தம் சமையலறைக்குக் கேட்டது. கர்ரக், கர்ரக். மூன்றாவது சுற்றுக்குச் சத்தம் வரவில்லை. எதற்கோ வெளியே வந்தேன், பார்த்தால் பம்பரைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருக்கிறார், சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது, கையில் ஹேண்டில் அப்படியே இருக்கிறது, விடவில்லை. என்னங்க என்னங்க என்று நான் கத்தியது பக்கத்துத் தோட்டம் வரை கேட்டிருக்கிறது. எழுபது வயது மனிதருக்கு இப்படி இரும்பைப் பிடித்துச் சுற்ற வேண்டும் என்று என்ன தலையெழுத்து? அன்று அந்த வண்டியை நான் வெறுத்தேன். ஆம்புலன்சுக்குப் பின்னால் போகும்போது அது போர்ட்டிகோவில் கண்ணை முழித்துக்கொண்டு நின்றதே, ஒரு கொலைகாரியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்த அன்று ஹேண்டிலைத் தூக்கிக் கிணற்றில் எறிந்தேன். அது விழுந்த சத்தத்தில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது, பொய் சொல்வானேன். அன்று சாயங்காலம் வார்டில் யுவராஜ், “வித்தர்லாம்மா, அப்பாவுக்கு இனி ஆகாது” என்றான். வித்துடு என்று உடனே சொன்னவள் நான்தான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

இப்போது ஏன் யோசிக்கிறேன்? கையெழுத்துப் போட்ட பிறகு, லாரி திருப்பூரை விட்டுக் கிளம்பியிருக்கக்கூடிய நேரத்தில், இந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. இரண்டாவது வண்டி பச்சை. பச்சையை நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், நினைத்தால் அதுதான் முதலில் வந்து நிற்கும். தொண்ணூற்றொன்று. யுவராஜுக்கு இரண்டு வயது, அம்மா வீட்டில் விட்டிருந்தோம். ஏழாம் மாதம் வயிற்றிலேயே போய்விட்டது, பெண் குழந்தை. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் நான் அழுதேன், அம்மா அழுதார், இவர் மருந்துக் கடைக்கும் வார்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். கல்லு மனுசன் என்று அம்மா என் காதில் சொன்னார், நானும் அப்படித்தான் நினைத்தேன். திரும்பி மலை ஏறும்போது ஆழியாறு தாண்டி பேன் பெல்ட் அறுந்தது. மாற்று பெல்ட் இல்லை. பையைத் திறந்து பார்த்தார், அதில் தூளி கட்ட வைத்திருந்த என் பழைய வாயில் புடவை இருந்தது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது, அதற்காகவே எடுத்து வைத்திருந்தேன். என்னைப் பார்த்தார். எடுத்துக்கோங்க என்றேன். அதை நீளமாகக் கிழித்தார், முறுக்கினார், எஞ்சினில் சுற்றி முடிச்சுப் போட்டார், போட்ட முடிச்சின் மேல் கை வைத்தபடி அப்படியே நின்றார். பிறகு மைல் கல்லில் போய் உட்கார்ந்து, “தேன்மொழின்னு வெக்கலாம்னு இருந்தேன்” என்றார். அவ்வளவு நாளும் ஒரு பெயரை மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதோம், பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். புடவை பெல்ட் மேலே வால்பாறை வரைக்கும் தாங்கியது.

யோசித்தால் இவர் என்னிடம் சொன்ன எதையும் வீட்டில் சொல்லவில்லை. ஒன்றுகூட இல்லை. நான் பாடம் எடுத்த எஸ்டேட் ஸ்கூல் எனக்குப் பிடித்திருந்தது என்பதற்காக மேல் வேலையையும் மாற்றலையும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்ததை நாலு வருடம் கழித்துச் சொன்னார், தாராபுரம் ரோட்டில், துரைசாணியின் பக்கவாட்டில் திரும்புவதற்கு அடையாளமாக நீளும் வலது கைகாட்டி நீட்டியது நீட்டியபடி மடங்காமல் போய், போலீஸ்காரர் எங்கே சார் திரும்பறீங்க என்று கேட்டு நிறுத்திய அன்றைக்கு. யுவராஜ் பெண் பார்த்த வீட்டைப் பிடிக்கவில்லை என்பதைப் பெட்ரோல் டாங்க் ஒழுகி, குளிக்கிற சோப்பைத் தேய்த்து அடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். எனக்கு வண்டி ஓட்ட வந்ததே வண்டி நின்றதால்தான். இவர் தள்ள வேண்டும், ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து கியர் போட வேண்டுமே. யுவராஜின் வண்டியில் போன மாதம் பழனி போய் வந்தோம். எங்கேயும் நிற்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி போட்டு, அவன் பாட்டைப் போட்டு, மூன்று மணி நேரத்தில் வீடு. வழியில் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சௌகரியமாகத்தான் இருந்தது, யார் இல்லை என்றது? இனிமேல் எல்லாப் பயணமும் அப்படித்தான் இருக்கும். எல்லா நாளும் அப்படித்தான் இருக்கும். இவர் ஈசி சேரில், நான் டிவி முன்னால், நடுவில் மாத்திரை டப்பா. ஐயோ, நான் எதற்குக் கையெழுத்துப் போட்டேன்? ஆனால் மறுபடி ஒரு நாள் சமையலறையில் நின்றுகொண்டு அந்த மூன்றாவது சுற்று கேட்காமல் போனால்? அதை என்னால் இன்னொரு தரம் தாங்க முடியாது. விற்றுவிடுவதுதான் சரி. சரிதானே? இவரைக் கேட்கலாம் என்றால் இவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வந்துவிட்டது ரயில். பெட்டி பெட்டியாகப் போகிறது, துரைசாணியின் கதவுகள் கிடுகிடுக்கின்றன, இவர் தலையணையை இறுக்கிக்கொள்கிறார். கேட் மேலே எழுகிறது. மினி பஸ் போய்விட்டது. சாவியைத் திருப்புகிறேன். செல்ப் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இன்னொரு தரம். பிடிக்கவில்லை. ஹாரன் ஆரம்பித்துவிட்டது. லாரி டிரைவர் இறங்கி வருகிறார், லுங்கியை மடித்துக் கட்டிய சின்ன வயதுக்காரர்.

“ஏனுங்க்கா, நின்னு போச்சுங்களா?”

“சூட்டுல அணைச்சுப் போட்டனுங்க. கொஞ்சம் ஓரமாத் தள்ளி விட்டீங்கன்னாப் போதும். அவரு எறங்க முடியாது, ஆபரேஷன் பண்ணியிருக்குது.”

“நீங்க ஸ்டேரிங்கப் புடிங்க, நாங்க பாத்துக்கறமுங்க.”

நாலு பேர் சேர்ந்து தள்ளிப் புளியமரத்து நிழலில் விட்டுப் போனார்கள். லாரி போனது, பஸ் போனது, கேட் பக்கம் வெறிச்சென்று ஆனது. நான் இறங்கிப் பானட்டைத் தூக்கி, துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினேன். இவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன், காற்று வரட்டும் என்று. கால் இரண்டையும் வெளியே வைத்துத் திரும்பி உட்கார்ந்தார்.

“ஈரத்துணி போட்டயா?”

“போட்டாச்சுங்க.”

“நல்லாப் புழிஞ்சியா? சொட்டுச்சுன்னா கரண்டு ஒயரெல்லாம் நனைஞ்சு போகும்.”

“முப்பத்தொம்பது வருசமாப் போடறனுங்க.”

தலையாட்டினார். ஒரு காக்காய் வந்து பானட் விளிம்பில் உட்கார்ந்து, சூடு தாங்காமல் பறந்தது. அதைப் பார்த்துவிட்டு இவர் சொன்னார். “கெளம்புனதுல இருந்து பாக்கறேன், டிக்கியில ஹேண்டில் உருளற சத்தமே காணம்.”

“கெணத்துல போட்டுட்டனுங்க.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். வாய் கோணியது, தலையணையை நெஞ்சில் அமுக்கினார், குனிந்து பார்த்தால் சிரிக்கிறார். “சிரிக்க வெக்காத வேணி. தையலு இழுக்குது.” வேணி. பதினோரு நாளாக நான் அந்தப் பெயரில்லாமல் இருந்திருக்கிறேன்.

“நாலு மணிக்கு வர்றாங்களா, திருப்பூர்க்காரங்க?” என்றார்.

சீட்டில் கிடந்த கைப்பையைப் பார்த்தேன்.

“நீயும் யுவராஜும் பேசுனீங்களே. கண்ணு மூடியிருந்தாக் காதுமா மூடிக்கும்? வித்துப் போடு. நீ பயந்துட்டே, எனக்குத் தெரியுது.”

“பயப்படாம? அன்னைக்கு அந்த ஹேண்டிலச் சுத்தாம இருந்திருந்தா...”

“ஹேண்டில் என்ன பண்ணுச்சு? வலி அதுக்கு மூணு நாள் முன்னாடி இருந்தே இருந்துச்சு.”

“மூணு நாளா?” என் குரல் எனக்கே பயமாக இருந்தது. “மூணு நாளா வலிய வெச்சுட்டா நான் போட்ட தோசையத் தின்னீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலீங்களா உங்களுக்கு?”

“தோணுச்சு. ஊட்டுக்குள்ள வாய் வர மாட்டேங்குது.” கையைப் பார்த்துக்கொண்டார், ஊசி குத்திக் குத்தி நீலம் பாரித்திருக்கிறது. “அதுக்குத்தான் அன்னைக்கு வண்டிய எடுக்கலாம்னு போனேன். உன்னயக் கூட்டிட்டு ஆழியாறு வரைக்கும் போனா, எங்கயாச்சும் ஒரு பக்கம் நிக்காமயா போயிரும்? நின்னா அப்பச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இது என்னடான்னா வாசல்லயே நின்னுக்கிச்சு.”

நான் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோபமா அழுகையா என்று பிரிக்கத் தெரியவில்லை, இரண்டும் சேர்ந்தே வந்தது. நான் கொலைகாரி என்று நினைத்தவளை இவர் எதற்காக எழுப்பப் பார்த்திருக்கிறார். வண்டி நின்றால்தான் வாய் திறக்கும் என்பது இவருக்கும் தெரிந்திருக்கிறது, நானாகத்தான் கண்டுபிடித்தேன் என்று இருந்தேன். இவர் குனிய முடியாமல் கையை மட்டும் நீட்டி என் தலையைத் தொட்டார். “பயமா இருந்துச்சு வேணி. உள்ள தள்ளிட்டுப் போறப்ப ரொம்பப் பயமா இருந்துச்சு. நீ கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டே.” இன்னும் சொன்னார். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் விட்டம் இல்லாத அந்த வெள்ளைக் கூரையைப் பார்த்தது, தேன்மொழியை நினைத்தது, இரண்டாவது தரம் சோறு போட ஆள் இருக்காது என்று நினைத்தது.

போன் அடித்தது. திருப்பூர்க்காரர். கிளம்பிவிட்டார்களாம், வழி கேட்டார். “ஏனுங்க, மன்னிச்சுக்கோங்க, வர வேண்டாமுங்க” என்றேன். “வண்டி வழியில நின்னு போச்சு. இல்லீங்க, நாளைக்கும் வேண்டாமுங்க. எப்ப எந்திரிக்கும்னு சொல்ல முடியாது.” இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். யுவராஜ் குதிப்பான், குதிக்கட்டும். பேட்டரி புதிதாக வாங்கிப் போடச் சொன்னால் போகிறது, ஹேண்டில் கிணற்றிலேயே கிடக்கட்டும்.

மரத்தின் நிழல் ரோட்டுக்கு நகர்ந்துவிட்டது. அரை மணிக்கு மேலாகியிருக்கும்.

“பாரு, ஆறியிருக்கும். எடு, போலாம்” என்றார்.

எழுந்து போய்த் துண்டை விலக்கி, பம்பின் மேல் கை வைத்துப் பார்க்கிறேன். சில்லென்று இருக்கிறது. குழாயும் சில்லென்று இருக்கிறது. சாவியைத் திருப்பினால் முதல் சுற்றில் பிடித்துக்கொள்வாள், கால் மணியில் வீடு.

“இன்னும் ஆறலீங்க” என்றேன்.

தலையணையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். வேண்டாமுங்க என்று நான் ஓடுவதற்குள் நாலு எட்டு வைத்து வந்துவிட்டார். என் கைக்குப் பக்கத்தில் தன் கையைப் பம்பின் மேல் வைத்தார், வைத்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பிப் போய், கதவோரம் பழைய மாதிரியே உட்கார்ந்தார்.

“ஆமா வேணி” என்றார். “சூடாத்தான் இருக்குது.”